அத்தானின் கிளட்ச் பெடல்

சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும் அந்தத் தண்டு. அத்தானுடைய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில், கிளட்ச் பெடலுக்குப் பின்னால் இருந்தது. லாக் நட்டைத் தளர்த்தித் தண்டை ஒரு சுற்று திருப்பினால், பெடலை அவ்வளவு ஆழமாக மிதிக்காமலே கிளட்ச் விலகிவிடும். துறைமுகச் சாலையில் லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் எனக்கு அது ஐந்து நிமிட வேலை. டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு மல்லாந்து படுத்தால், வெளியே நிற்கிற அவருடைய கால்கள்தான் கண்ணில் படும். நான் நட்டைத்தான் பார்த்தேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். கப்பலில் சீஃப் இன்ஜினியர். விடுமுறைக்கு வந்தால் ஞாயிறு பூசை முடிந்ததும் அக்காவை ஏற்றிக்கொண்டு கடலோர ஊரான ஆலந்தலை வரைக்கும் ஓர் ஓட்டம் போவார். அந்த முறை முதல் ஞாயிறே, "கிளட்ச் சரியா விடமாட்டேங்குலே மாப்ள, கியர் ஒரசுது" என்றார். நான் ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஒரு சுற்று திருப்பிக் கொடுத்தேன். வீட்டளவு பெரிய கப்பல் எஞ்சின்களைக் கட்டி மேய்க்கிறவரிடம் ஒரு லாரி மெக்கானிக் வாதாடுவானா? அடுத்த ஞாயிறும் அதே புகார், இன்னொரு சுற்று. மூன்றாவது ஞாயிறு, இனித் திருப்ப இடமில்லை. கிளட்ச் வழுக்கிக் கருகிய வாடை அடித்தது. அவருக்கு அப்போதும் மிதிக்கக் கனமாகத்தான் இருந்ததாம்.

அன்றைக்குக் காரை விட்டு இறங்கி வாசல் பக்கம் நடந்தவரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். "அத்தான், ஒத்தச் செருப்போட எங்க போறிய?" இடது செருப்பு கார் பக்கத்திலேயே கிடந்தது. அவர் குனிந்து பார்த்தார். கொதிக்கிற மணலில் வெறுங்கால். சுட்டதாகவே அவருக்குத் தெரியவில்லை. முகம் வெளிறிப்போயிற்று.

"ஆஸ்பத்திரிக்குப் போவம் அத்தான்" என்றேன்.

"பேசாம இரிலே. அடுத்த மாசம் கப்பல் ஏறணும். டாக்டரு ஒரு வார்த்த எழுதிட்டாருன்னா என்னைய கரையிலயே ஒக்கார வச்சிருவானுவ. அக்காட்ட மூச்சு விட்ராத."

நான் மூச்சு விடவில்லை. அதுமட்டுமா? மிதிக்க லேசாக இருக்கட்டும் என்று பெடலை இரண்டு விரற்கடை நீட்டிப் பற்றவைத்தும் கொடுத்தேன். என்ன புத்தி அது! அவர் காலுக்கு வந்த கேட்டைக் காரில் போய்ச் சரிசெய்து கொண்டிருந்தோம், இரண்டு பேரும்.

கப்பல் ஏற இரண்டு நாள் இருக்கும்போது ஒரு காலையில் அவரால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. முதுகெலும்புக்குள் ஒரு கட்டி நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. ஆபரேஷனில் உயிர் தங்கியது, கால்கள் திரும்பவில்லை. "ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா நடக்க வச்சிருக்கலாம். யாருக்குமே ஒண்ணும் தெரியலையா?" என்று டாக்டர் கேட்டார். "சேசுவே, நல்லாத்தான கார் ஓட்டிக்கிட்டு இருந்தாவ!" என்று அக்கா கதறினாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது ஞாயிறு பூசைக்கு அவரைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பவன் நான்தான். என் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது அவர் என் கண்ணைப் பார்ப்பதில்லை. அக்காவோ ஒவ்வொரு வாரமும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லன்னா எங்க கதி என்னலே ஆவும்?" என்கிறாள்.