ரூபியா எழுதிக் கொடுத்த சபதம்

எங்கள் சங்கரன்கோவிலில் ஒருத்தனும் சும்மா அடிக்க மாட்டான். வரப்புத் தகராறோ, பங்காளிச் சண்டையோ, குழாயடிச் சண்டையோ, "இன்றோடு உன் கதையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பேன்" என்று உரக்கச் சபதம் செய்துவிட்டுத்தான் கையை ஓங்குவான். இதை நான் சொல்லவில்லை, புகார் மனுக்கள் சொல்கின்றன. இருபத்தெட்டு வருஷமாக வக்கீல் குமாஸ்தாவாக இந்தக் காகிதங்களைச் சுமந்துகொண்டு அலைகிறேன். 

அந்த வரியைப் பெற்றெடுத்தவள் ரூபியா. கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். புருஷன் மைதீன் சவூதிக்குப் போன வருஷம் ஒரு பழைய தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்தவள், இப்போது இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அழுதுகொண்டே சொல்வதைப் பத்து நிமிஷத்தில் மனுவாக்கித் தருவாள். கெட்டிக்காரி. ஆரம்பத்தில் அவள் மனுக்கள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தன. "அடிச்சான்னு மட்டும் இருக்கு, எதுக்கு அடிச்சான்? என்ன எண்ணத்துல அடிச்சான்?" என்று கேட்டார்களாம்.

அவள் என்னிடம் வந்து கேட்டாள். நான்தான் விளக்கினேன். ஒரு ஆள் செத்தால் சட்டம் கையை மட்டும் பார்ப்பதில்லை, மனசையும் பார்க்கும். கொல்லும் எண்ணத்தோடு அடித்திருந்தால் கொலை. எண்ணம் இல்லை, ஆனால் சாவு வரலாம் என்று தெரிந்தே செய்தான் என்றால் அதற்குக் கீழே ஒரு குற்றம். இரண்டும் இல்லை என்றால் இன்னும் கீழே. "மனச எப்படி அண்ணாச்சி காட்டுறது?" என்றாள். வாயிலிருந்து வந்த சொல்லை வைத்துத்தான் என்றேன். ஒரு வாரத்தில் அந்தச் சோற்று வரி பிறந்தது. எங்கள் வக்கீல் படித்துவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் மனு திரும்பி வந்ததே இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு, மாசி மாதம். பூ மார்க்கெட் வாசலில் அபிஷேக் என்ற இருபத்துமூன்று வயசுப் பையன் தன் லோடு ஆட்டோவை நிறுத்தியிருந்தான். பூ வியாபாரி ஒருத்தர் வழியை மறிக்கிறாய் என்று திட்டினார். பேச்சு தடித்தது. பையன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். பின்னால் சிமெண்ட் படி. மண்டையில் அடி. மூன்றாம் நாள் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் செத்துப்போனார்.

பிணம் வீடு வந்து சேரவில்லை, அதற்குள் அவர் அண்ணன் சங்கரராமன், தம்பி பெண்டாட்டி பகவதியைக் கையோடு கூட்டிக்கொண்டு ரூபியா கடைக்கு வந்துவிட்டார். நானும் ஒரு ஜெராக்ஸுக்காக அங்கே நின்றேன்.

"அந்தப் பய என்ன சொல்லித் தள்ளுனான்?" என்று ரூபியா கேட்டாள்.

"எனக்குத் தெரியாதுக்கா, நான் வீட்டுல இருந்தேன்" என்றாள் பகவதி. அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

"நான் பாத்தேம்லா, நான் சொல்லுதேன்" என்று குறுக்கே விழுந்தார் சங்கரராமன். "நீ வழக்கமாப் போடுவியே, அந்த வரியப் போடு. பய வெளியவே வரப்படாது."

ரூபியா போட்டாள். கம்ப்யூட்டரில் அந்த வரி தயாராகவே இருந்தது, பெயரை மாற்றுவது மட்டும்தான் வேலை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் ஜெராக்ஸ் வந்ததும் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

கொலை வழக்கு ஆனது. ஜாமீன் இல்லை. பையனின் அம்மா எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து விழுந்தாள். வக்கீல் வழக்கை எடுத்துக்கொண்டார். சிறையில் நான் அவனைப் பார்க்கப் போனபோது, "ஓரமாப் போ வேன்னுதான் அண்ணாச்சி சொன்னேன். சோறு கீறுன்னு நான் எதுவுமே சொல்லல" என்று அழுதான்.

எனக்கா தெரியாது? ஆபீஸ் பரணிலிருந்து பழைய கட்டுகளை இறக்கினேன். அதே வரி, எழுத்து பிசகாமல், பதினோரு மனுக்களில் இருந்தது. அதில் ஏழு எங்கள் கட்சிக்காரர்களுடையவை. வக்கீல் முகம் சுருங்கியது. "இதக் கோர்ட்டுல காட்டுனா நம்ம கேஸுகளும் நாறும் வே" என்றார். ஒரு உயிர் ஆயுளுக்கும் உள்ளே கிடக்கப் போகிறது, இந்த மனுஷனுக்கு நாற்றத்தைப் பற்றிய கவலை. ஏழில் வழக்கு முடிந்துபோன நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு, இன்னும் நடக்கிற மீதி மூன்றைத் திரும்பப் பரணில் போடச் சொன்னார். சீ என்று இருந்தது. போட்டேன்.

ரூபியாவைச் சாட்சி சொல்லக் கூப்பிட நான்தான் போனேன். எரிந்து விழுந்தாள்.

"ஒங்க வக்கீலுக்கும் நான்தான அடிச்சுக் குடுத்தேன்? அப்ப இனிச்சுது, இப்பக் கசக்குதோ? நான் அங்கன வந்து உண்மையச் சொன்னா எவன் என் கடைக்கு வருவான்?"

 வந்த வழியே திரும்பிவிட்டேன்.

ஆனால் ஜில்லா கோர்ட்டில் விசாரணை நடந்த நாளில், கறுப்பு புர்காவும் கையில் ஒரு பென்டிரைவுமாக அவளே வந்து நின்றாள். கூண்டில் ஏறி, பெயரை மட்டும் மாற்றிப் போடுகிற அந்த வரி பென்டிரைவில் இருக்கிறது, அது தன்னுடையது, தன் மனுக்களில் யாருமே அதை வாயால் சொன்னதில்லை என்றாள்.

அரசு வக்கீல் எழுந்தார். "இந்த வரியால் ஒருவர் ஆயுள் தண்டனை பெறக்கூடும் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்யா."

"அப்படியானால் இந்தப் பையன் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்ற எண்ணத்தில்தான் எழுதினீர்களா?"

"இல்லய்யா. அவன் மொகத்தக்கூட நான் பாத்ததில்ல. எண்ணம் இல்ல. ஆனா, என்ன ஆவும்னு தெரியும். தெரிஞ்சுதான் அடிச்சேன்."

நீதிபதி எழுதுவதை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கொல்லும் எண்ணம் இல்லை, ஆனால் பின்னால் படி இருப்பது தெரிந்தே தள்ளியிருக்கிறான் என்று தீர்ப்பு வந்தது. ஆயுள் போய் ஐந்து வருஷம். அபிஷேக்கின் அம்மா ரூபியாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரூபியா கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

இப்போது அவள் கடையில் ஜெராக்ஸும் ஆதார் வேலையும் மட்டும்தான். மனு என்று வருகிறவர்களை வாசலிலேயே திருப்பிவிடுகிறாள். என்னைக் கண்டால் பேசுவதில்லை.

போன வாரம் பனவடலிசத்திரத்திலிருந்து ஒருத்தர் உடைந்த மண்டையோடு எங்கள் ஆபீஸுக்கு வந்தார். வக்கீல் என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "நாலு கடை தள்ளிப் புதுசா ஒருத்தன் தட்டச்சுக் கடை போட்டிருக்கான். அவன்கிட்ட நல்லதா வேற ஒரு வரி இருக்காம் வே."

மனுக்காரரைக் கூட்டிக்கொண்டு ரூபியா கடையைத் தாண்டித்தான் போனேன். அவள் பார்த்தாள்.