பிசிரா, குஞ்சமா?

போன வியாழக்கிழமை சாயங்காலம், வளைகுடாவில் நான் வேலை பார்க்கும் ஊரில், அல் கூஸ் பகுதித் தையல் கடை ஒன்றில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஏசி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். என் மேனேஜர் இயன், ஸ்காட்லாந்துக்காரர். ஊரில் மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை உடுத்தப்போவது, காலமான தாத்தாவின் கில்ட் - பச்சையும் நீலமுமாகக் கட்டம் போட்ட, மடிப்பு மடிப்பான பாவாடை. (பாவாடை என்று இயன் காதுபடச் சொல்லிவிடாதீர்கள்!) பேரனுக்கு இடுப்பு கொஞ்சம் பெரிசு. கொக்கிகளை நகர்த்தித் தைக்க நல்ல டெய்லர் உண்டா என்று ஆபீசில் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? "நமக்குத் தெரிந்த செய்யது பாய் இருக்கிறார்... கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

அன்று ராத்திரி இயனுக்கு ஃபிளைட். போகிற வழியில் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. நான் சற்று முன்னதாகவே கடைக்குப் போய்விட்டேன்.

அதிராம்பட்டினத்துச் செய்யது பாய் ஆசையாக எடுத்து விரித்தார்.

"கொக்கி நவுத்திட்டேன் சார். முன்பக்க ஓரம் பூரா பிசிர் பிசிரா தொங்குச்சு. கல்யாணத் துணியாச்சேன்னு அதை வெட்டிட்டு, நீட்டா மடிச்சு அடிச்சுட்டேன். அதுக்குக் காசு வேணாம்."

எனக்குப் பகீரென்றது. போனை எடுத்து கில்ட் படங்களைத் தேடினேன். படத்துக்குப் படம், அந்த ஓரத்தில் குஞ்சம்! வேண்டுமென்றே இழை பிரித்து விட்ட குஞ்சம்.

பாய் முகம் வெளுத்துவிட்டது. போன மாதம்தான் ஒரு கோட்டைச் சுட்டுவிட்ட அயர்ன்காரரை முதலாளி 'கலாஸ்', அதாவது கதை முடிந்தது என்று விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பியிருந்தார். அந்த முதலாளி இப்போது கண்ணாடி கேபினுக்குள் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

நான் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, போனில் படித்ததை எல்லாம் ஒப்பித்தேன். இந்தக் கட்டத்துக்கு டார்ட்டன் என்று பெயர். குலத்துக்கு ஒரு டார்ட்டன். ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரர்கள் கலகம் செய்து தோற்ற பிறகு, இந்த உடையே கூடாது என்று சட்டம் வந்தது. மீறினால் ஜெயில். மறுபடி மீறினால் கப்பலேற்றிக் கடல் தாண்டி அனுப்பிவிடுவார்கள்...

"அங்கேயும் கேன்சல்தானா சார்?" என்று கேட்டார் பாய்.

கதவு திறந்தது. இயன்!

துணியைத் தடவிய அவர் விரல் அந்த ஓரத்துக்கு வந்ததும் நின்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஓரத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"சாரி சார். மை மிஸ்டேக்" என்றார் பாய்.

"உங்கள் குலத்தின் அடையாளத்தை..." என்று நானும் இழுத்தேன்.

"குலமா?" இயன் நிமிர்ந்தார். "கலர் பிடித்ததென்று அப்பா ஏதோ ஒரு கடையில் வாங்கியது இது. இன்ன குலத்துக்கு இன்ன கட்டம் என்பதே பெரும்பாலும் பின்னால் துணி வியாபாரிகள் வகுத்ததுதான்."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஊசி இருக்கிறதா?"

தையலைப் பிரித்தார். துணியின் ஓரத்திலிருந்து ஒவ்வோர் இழையாக உருவினார். பாய்க்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எதிரே உட்கார்ந்து அவரும் உருவ ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் புதுக் குஞ்சம் எட்டிப் பார்த்தது. மேஜையில் விழுந்த இழைகளை வழக்கம்போல் குப்பைக்கூடைக்குத் தள்ளப் போனார் பாய். இயன் கை குறுக்கே வந்தது.

"அப்பா உடுத்தியது."

பொறுக்கிச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கேபின் கதவு திறந்தது. "எனி ப்ராப்ளம், சார்?" - முதலாளி.

பாயின் கை அப்படியே நின்றுவிட்டது. இயன் பாயைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார்.

"மாஃபி முஷ்கில்" என்றார். பிரச்சினையே இல்லையாம்!

இயன் கிளம்பிப் போனார். பாய் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். மறு நிமிஷம் எதையோ பார்த்துவிட்டு, மெஷினுக்கு அடியில் குனிந்தார். ஒற்றை நீல இழை. அதை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் பார்க்கிங்குக்கு ஓடினார்.

அதைப் பிசிர் என்று சொல்ல இனி அவருக்கும் வாய் வராது... எனக்கும்தான்.