வாக்குமூலத்தில் பெய்த மழை

காஞ்சிபுரம் கோர்ட்டில் டேனியலை வக்கீலாகத் தெரிந்தவர்கள் அதிகம். எழுத்தாளராகத் தெரிந்தவர்கள் சொற்பம், அந்தச் சொற்பப் பேரும் கிண்டலுக்காகத்தான் தெரிந்து வைத்திருந்தார்கள். "என்னபா, இன்னைக்குக் கேஸா, கதையா?" என்று கேட்பார்கள். ரெண்டும்தான் என்பார் அவர். பாழாய்ப்போன அந்த ரெண்டும்தான் கடைசியில் ஒரு பொம்பளையைத் தெருவில் நிறுத்தியது.

காலையில் கட்சிக்காரர்கள், பகல் முழுக்கக் கோர்ட், சாயந்திரம் மறுபடியும் கட்சிக்காரர்கள். பிறகு எங்கே எழுதுவது? கேஸ் கூப்பிடும் வரைக்கும் வராண்டா பெஞ்சில் காத்துக்கிடக்கிற நேரம்தான் அவருக்கு வாய்த்தது. மடியில் கேஸ் கட்டு, அதன்மேல் கதைத்தாள். கூப்பிட்டால் எழுந்து ஓடுவார். வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, விட்ட வரியைப் பிடிப்பார். "ஒண்ணுத்தயாவது ஒழுங்கா பண்ணுங்க" என்று மனைவி ஏஞ்சல் ஒருநாள் சொல்லிவிட, அன்றைக்கு முழுக்க அவளோடு பேசவில்லை.

கங்கையம்மாள் அவருடைய அம்மா ஊர்க்காரர், ஏனாத்தூர்ப் பக்கம், ஊர் முறைக்குப் பெரிம்மா. ஹாஸ்டல் சமையற்கட்டில் பாத்திரம் தேய்ப்பவர், புருஷன் இல்லாதவர். புருஷன் கட்டிய வீடு, ஆனால் பட்டா இன்னமும் செத்துப்போன மாமனார் பேரில். மச்சினர் மகன் சத்யராஜ் ஒருநாள் ஆட்களோடு வந்து, வீடு எங்க தாத்தாவோடது என்று பாத்திரத்தையும் அரிசியையும் தெருவில் வீசிவிட்டுப் போனான். தன்னை யாரும் வெளியேற்றக் கூடாது என்று கங்கையம்மாள் கோர்ட்டுக்கு வந்திருந்தார். அக்கம்பக்கத்தில் எவனும் சாட்சிக்கு வர மாட்டேன் என்றுவிட்டான். வீடு தங்குமா போகுமா என்பது கங்கையம்மாள் வாயிலிருந்து வருகிற சொல்லை மட்டுமே நம்பி இருந்தது.

சிவில் கேஸில் அந்தச் சொல்லையும் வக்கீல்தான் முதலில் எழுத வேண்டும். கட்சிக்காரர் சொன்னதை வாக்குமூலமாக எழுதி, படித்துக்காட்டி, கைநாட்டு வாங்கித் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்ய வேண்டிய அதே நாளில் ஒரு பத்திரிகை சிறப்பிதழுக்குக் கதையும் தர வேண்டியிருந்தது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒருத்தி மழையில் நிற்கிற கதை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மாறி மாறி எழுதினார். எழுதுகிற ஜோரில் வாக்குமூலத்திலும் மழை வந்துவிட்டது. "அன்று விடாமல் மழை. தெருவில் கொட்டிய அரிசி என் கண்ணெதிரே வெள்ளத்தில் போனது." எழுதிவிட்டு இன்னொரு தரம் படித்துப் பார்த்தார். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், சொல்வதற்கென்ன. படித்துக்காட்ட நேரமில்லை. நம்ம பெரிம்மாதானே என்று, "படிக்கக் கேட்டேன், சரியாக உள்ளது" என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே கைநாட்டு வாங்கினார்.

எதிர்க்கட்சி வக்கீல் தினகரன் லேசுப்பட்டவர் இல்லை. குறுக்கு விசாரணையில் வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அன்றைக்கு நல்ல மழையாம்மா என்று பரிவாகக் கேட்டார்.

"மழையா? ஏதுங்க மழ. பங்குனி வெயிலு. அரிசிய மண்ணோட வாரி மொறத்துல பொடச்சி எடுத்துக்கினு வந்தேன்."

அரிசி வெள்ளத்தில் போனதாக எழுதியிருக்கிறதே, இதை உங்களுக்குப் படித்துக் காட்டினார்களா என்றார் தினகரன். கங்கையம்மாள் திரும்பி டேனியலைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கிறோமோ என்கிற பயம்தான் அந்த முகத்தில் இருந்தது, கோபம் இல்லை.

"இல்லீங்க" என்றார்.

அந்த நிமிஷம் டேனியல் எழுந்து, மழை என்னுடைய சேர்க்கை, இந்த அம்மா சொன்னது இல்லை என்று சொல்லியிருக்கலாம். கோர்ட்டே சிரித்திருக்கும். வக்கீல் பேர் கெட்டிருக்கும், கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்ற வேண்டி வந்திருக்கும். ஆனால் அந்த அம்மாவுக்கு ஒரு வழி பிறந்திருக்கும். சாட்சியிடம் திரும்ப ஏதாவது கேட்க வேண்டுமா, மறுவிசாரணை உண்டா என்று ஜட்ஜ் கேட்டார். இல்லை என்றார் டேனியல்.

தீர்ப்பு வந்தது. வாதி பொய் வாக்குமூலம் கொடுத்தார், சுத்தமான கரங்களோடு நீதிமன்றத்துக்கு வரவில்லை என்று அதில் இருந்தது. சோப்புத்தூள் அரித்து வெடித்துப்போன கைகள் அவை. அடக் கடவுளே, அந்தக் கேஸில் பொய் சொல்லாத ஒரே ஆள் அந்தம்மாதான். அப்பீலுக்குக் காகிதம் தயாராவதற்குள் சத்யராஜ் பூட்டை மாற்றிவிட்டான்.

கங்கையம்மாள் சாமான்களைத் திருமுக்கூடலில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோகிற அன்று டேனியலும் போய் நின்றார். லோடு ஆட்டோவில் ஒரு குண்டானை ஏற்றும்போது போன் அடித்தது. பத்திரிகை ஆசிரியர். கதை இதழில் வந்துவிட்டதாம், எல்லோரும் அந்த மழையைத்தான் பேசுகிறார்களாம். நேரில் பார்த்தது போல இருக்கிறதாம். டேனியல் போனைக் கட் பண்ணிவிட்டுக் குண்டானை ஏற்றினார்.

கங்கையம்மாள் ஆட்டோவில் ஏறி, முறத்தை மடியில் வைத்துக்கொண்டார். அதன் ஓரத்துப் பிரம்பு பிய்ந்திருந்தது. அதுவரை கேட்காததை அப்போதுதான் கேட்டார்.

"அந்த மழைய ஏம்பா போட்ட? நான் சொல்லலியே."

"நல்லாருக்கும்னு போட்டேன் பெரிம்மா."

கங்கையம்மாள் பிய்ந்த பிரம்பை உள்ளே செருகினார். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நல்லா இருந்துதா?"

டிரைவர் வண்டியை எடுத்தார். டேனியல் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.