அப்பாவின் கைபேசி எண்

திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் சாலையில் எங்கள் மோட்டார் சைக்கிள் ஷோரூம் இருக்கிறது. என் கணவர் பனியன் தொழிலை அண்ணனிடம் விட்டுவிட்டு இந்த ஏஜென்சியை எடுத்த நாள் முதல் முன்மேசை என்னுடையது. வருகிறவர்களை உட்காரவைத்து, விவரம் கேட்டு, விசாரணைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வது என் வேலை. ஆள் வராத மதியங்களில் அதே மேசையில் புத்தகம் படிப்பேன். அந்தக் கோடையில் எந்தப் புத்தகத்திலும் பத்துப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

காரணம், கம்பெனியின் மண்டல அதிகாரி. நாங்கள் விற்கும் வண்டியைச் செய்கிறவர்கள் பழைய ஆட்கள். தகப்பன் ஓட்டியதை மகன் ஓட்டுகிறான் என்று சொல்லியே பெயர் வாங்கியவர்கள். அதிகாரிக்கோ முப்பத்தைந்து வயதுகூட இராது. ஷோரூமைப் பார்க்க வந்த அன்று தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். சுவர் நிறைய மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மேடம், உங்கள் வாடிக்கையாளர்களுக்கு வயதாகிறது. அவர்களோடு சேர்ந்து கம்பெனிக்கும் வயதாகிறது. வண்டி வாங்குகிறவர்களில் பாதிப் பேராவது முப்பதுக்குக் கீழே இருக்க வேண்டும். ஆடி முடிந்து வருவேன். அப்போதும் இப்படியே இருந்தால் ஏஜென்சியை வேறு ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லி எழுத வேண்டியிருக்கும்."

இதைவிட மரியாதையாக அதைச் சொல்லியிருக்க முடியாது. என் கணவர் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, துடைத்த வண்டியையே மறுபடி துடைத்தார். ஷோரூமை இழந்தால் அண்ணனின் பனியன் யூனிட்டில் கணக்குப் பார்க்கும் நாற்காலி அவருக்காகக் காத்திருந்தது. அங்கே போகும் எண்ணமே அவரைத் தூங்கவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் புரண்டு படுக்கும் சத்தத்தில் நானும் விழித்துக் கிடந்தேன்.

நான்கு நாள் கழித்து அவருக்கு வழி தோன்றியது. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் தோன்றக்கூடிய வழிதான். கோயில் திருவிழாவா, கட்சிக் கூட்டமா, கிரிக்கெட் போட்டியா, மாப்பிள்ளையின் நண்பர்கள் ஒரே மாதிரி நிற்க வேண்டுமா, எதற்கும் முதலில் டி-ஷர்ட் அடித்துவிடுவோம். முதுகில் வண்டிப் படமும் நெஞ்சில் ஊர்ப் பெயருமாக முதலிபாளையத்தில் ஒரு சொந்தக்காரர் யூனிட்டில் ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தார்.

"இலவசமா ஒரு டி-ஷர்ட்டுன்னா எந்தப் பையன் வராம இருப்பான் அம்மிணி?"

வந்தார்கள். ஆடி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை ஷோரூம் வாசலில் அத்தனை இளைஞர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வந்தவர்கள் டி-ஷர்ட்டை வாங்கினார்கள். உடனே உள்பக்கத்தை வெளியே திருப்பினார்கள். பனியன் ஊரில் பனியனை இலவசமாகக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

"அண்ணா, துணி நூத்தி நாப்பது ஜிஎஸ்எம் இருக்குங்களா?" என்றான் ஒருவன், துணியின் கனத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தபடி.

"நூத்தி அறுபதுன்னு சொல்லித்தான் கொடுத்திருக்கறனுங்க" என்றார் என் கணவர்.

"உங்களை நல்லா ஏமாத்திட்டாங்கண்ணா. ஒரு தண்ணி தொவைச்சாப் பக்கத்தையல் முன்னால திரும்பிக்கும் பாருங்க."

"கழுத்துப் பட்டியப் பாருடா, அலையடிக்குது" என்றான் அவன் நண்பன். "யாருங்கண்ணா டெய்லரு? லீவுல இருந்து வந்த அன்னைக்கு அடிச்சாப்பலீங்களா?"

ஒருவனும் வண்டியின் பக்கம் போகவில்லை. ஏன் போகவில்லை என்றால், அங்கே என் கணவரின் நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய மில் முதலாளிகள் நால்வர். ஞாயிறுதோறும் தங்கள் பெரிய வண்டிகளில் அவிநாசிவரை போய் இட்லி சாப்பிட்டு வந்து எங்கள் சோபாவில் சாய்ந்துகொள்வார்கள். பக்கத்தில் வருகிறவனிடம், அந்தக் காலத்தில் இந்த வண்டியை உதைத்து எழுப்பியபோது எத்தனை பேருடைய கணுக்கால் பெயர்ந்தது என்று சொல்லத் தொடங்குவார்கள். இப்போதைய வண்டி பொத்தானை அழுத்தினால் கிளம்பிவிடும். ஆனாலும் கணுக்கால் கதை நின்றபாடில்லை. கேட்கிற இளைஞன் பணிவாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவான். அவன் பிறக்கும் முன்பே முடிந்துபோன ஒரு விருந்தின் மிச்சத்தை நாங்கள் பரிமாறிக்கொண்டிருந்தோம்.

கூட்டம் கலையும் நேரத்தில் ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். டி-ஷர்ட்டை என் மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் தோள் அளவை ஒத்துப் பார்த்து, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஒரு ஏற்றுமதி யூனிட்டில் தரம் பார்க்கும் வேலையில் இருப்பதாகவும், ஊர் திருச்செந்தூர்ப் பக்கம் என்றும் சொன்னாள். பிறகு கடைசி வரிசையில் இருந்த வண்டியைக் காட்டி, ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

நான் எப்போதும் கேட்பதைத்தான் கேட்டேன். "அப்பா வரலீங்களா கண்ணு?"

"எங்கப்பா எதுக்கு மேடம்?"

"பெரியவங்க ஒருத்தரு கூட வந்தா நல்லதுங்க. இல்லீன்னா அப்பா நம்பரக் குடுங்க கண்ணு, நாங்களே பேசிக்கறோம்."

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். கோபம் இல்லை. கொக்கியில் தொங்கும் உருப்படியில் பிழை தேடும் பார்வை.

"ஊருல இருந்து அவரு வாரதுக்கு ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸுல உக்காரணும் மேடம். முழங்காலு வலி வேற. வண்டியில காலத் தூக்கிப் போட முடியாது. அவருக்குத்தான் விக்கணும்னா வித்துக்கிடுங்க, நான் வேண்டாங்கல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சோபாவிலிருந்து ஒருவர் சிரித்தார். "புள்ள வாய் பலமா இருக்குதே, சாமி."

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த வாரம் முழுவதும் அவள் பார்வை என்னை விடவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் விசாரணைப் பதிவேட்டை எடுத்துப் பின்னாலிருந்து புரட்டினேன். பெயர், ஊர், வண்டி, அப்பாவின் கைபேசி எண். அந்த நான்காவது கட்டத்தை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஏற்படுத்தியவள் நான்தான். எங்கள் பக்கத்தில் வண்டி வாங்குவது குடும்பக் காரியம். தகப்பன் முன்னால் பேசுவார், மகன் ஓரடி தள்ளி நிற்பான். சாவியை நாங்கள் தகப்பன் கையில் கொடுப்போம், அவர் மகன் கையில் கொடுப்பார். அதைப் படம் எடுத்து மாட்டுவோம். அப்பாவைக் கேட்பது மரியாதை என்றும், கண்ணு என்று கூப்பிடுவது பிரியம் என்றும் மனதார நம்பியவள் நான். இரண்டும் உண்மைதான். ஆனால் எங்கள் ஊரில் பத்தொன்பது வயதில் சம்பளம் வாங்கத் தொடங்குகிறவர்களின் முகத்தில் அந்த இரண்டையும் சேர்த்துக் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

நான்காவது கட்டம் நிறைந்திருந்த பெயர்களும் என்னை உறுத்தின. அந்த எண்களுக்கெல்லாம் எங்கள் ஆட்கள் போன் செய்திருக்கிறார்கள். "உங்க பையன் வண்டி பாத்துட்டுப் போனாருங்க" என்று குழைவாகச் சொல்லியிருக்கிறார்கள். மறுமுனையில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எந்த வண்டி? எவன் கேட்டது?"

ஒரு பெயரில் விரல் நின்றது. பனியன் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக இருந்த ஒரு பையன். மூன்று மாதம் தவறாமல் வந்து ஒரே வண்டியைப் பார்த்துவிட்டுப் போவான். நாங்கள் அவன் தகப்பனுக்குப் போன் செய்த மறுநாள் வந்து, என் மேசையின் முன் நின்று, "எங்கூட்ல ஏனுங்க சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டான். நான் அவனை உட்காரவைத்து, மோர் வரவழைத்துக் கொடுத்து, பெரியவர்களிடம் மறைப்பது தவறு என்று இதமாகச் சொன்னேன். மோரைக் குடித்துவிட்டுக் கும்பிட்டுப் போனான். பிறகு வரவில்லை. அன்று அவனிடம் நன்றாகப் பேசிவிட்டதாக எனக்கு ஒரு நிறைவுகூட இருந்தது. அதை நினைக்கையில் நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து ஷோரூமுக்குள்ளேயே நடந்தேன்.

டி-ஷர்ட் வாங்கியவர்கள் பெயர் எழுதிய தாளில் அந்தப் பெண் தன் எண்ணை எழுதியிருந்தாள். கூப்பிட்டேன்.

"போன ஞாயித்துக்கிழமை நான் கேட்டது தப்புங்க. நீங்க வந்து ஓட்டிப் பாருங்க" என்றேன்.

பின்னால் தையல் எந்திரங்களின் சத்தம். "கூட ஆளு ஏத்தி விடுவீங்களா மேடம்?"

எங்கள் வழக்கம் அதுதான். மெக்கானிக் ஒருவர் பின்னால் உட்கார்ந்து, அடுத்த சிக்னல்வரை போய்த் திருப்பிக் கொண்டுவருவார். "இல்லீங்க. நீங்க தனியாவே போங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அவளுக்கு விடுமுறை ஞாயிறு மட்டும். கூட்டம் எப்படி என்று பார்ப்பதற்காக மண்டல அதிகாரி தேர்ந்தெடுத்திருந்ததும் அடுத்த ஞாயிறுதான். அதை அவளிடம் சொல்லி நாளை மாற்றியிருக்கலாம். இன்னொரு முறை அவளைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

ஒன்பதரைக்கு வந்தாள். ஓட்டுநர் உரிமத்தை வாங்கி மேசைக்குள் வைத்துவிட்டு, ஓட்டிப் பார்க்க எங்களிடம் இருந்த ஒரே வண்டியின் சாவியைக் கொடுத்தேன். அவள் தெருமுனையில் திரும்பி மறைந்ததும் என் கணவர் அருகில் வந்தார்.

"எவ்வளவு நேரத்துல வரச் சொன்ன?"

"சொல்லலீங்க."

அவர் திரும்பிப் போய் வாசல் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். வாசலிலேயே கேட்டார்: "டெமோ வண்டி எங்கே மேடம்?"

"வெளிய போயிருக்குங்க."

"யாரோடு?"

"தனியாங்க. ஒரு வாடிக்கையாளரு."

சோபாவிலிருந்து குரல் வந்தது. "இந்நேரம் தாராபுரம் தாண்டியிருக்குமுங்க."

"அந்தப் புள்ளைக்கு ஊரு திருச்செந்தூருங்களே" என்றார் இன்னொருவர். "முருகனுக்கு நேந்துக்கிட்டதா நெனச்சுக்கலாமுங்க."

நால்வரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. கையில் இருந்த தாளில் என்னவோ குறித்துக்கொண்டார். நான் சாலையோரம் போய் நின்றேன். ஞாயிறு என்பதால் லாரிகள் குறைவு. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் தலை திரும்பியது. அவள் எண்ணை இரண்டு முறை அழைத்து, ஓட்டிக்கொண்டிருப்பவளை அழைக்கக் கூடாது என்று நானே துண்டித்தேன். விழுந்திருப்பாளோ என்பதுதான் முதலில் இருந்த பயம். நேரம் போகப் போக, விழாமல் இருந்தும் வராமல் போவாளோ என்று அது நிறம் மாறியது. அப்படி நினைத்ததற்காக என்மீதே எனக்கு வெறுப்பு வந்தது.

பதினொன்றுக்குச் சற்று முன்பு வந்து சேர்ந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைத் துடைக்காமலே நேராக என் கணவரிடம் போனாள்.

"அண்ணாச்சி, சோமனூரு வரைக்கும் போயிட்டேன். திருப்பும்போது கல்லுல ஒரசி சைலன்சர்ல ஒரு கீறல் விழுந்துட்டு. நாந்தான். இந்தா, இங்க."

குனிந்து விரலால் தொட்டுக் காட்டினாள். என் கணவரும் குனிந்தார். வண்டியில் விரல் தடம் பட்டாலே முகம் சுருங்குகிறவர் அவர். அதிகாரி தாளோடு பின்னால் வந்து நின்றார். என் கணவர் கீறலைக் கட்டைவிரலால் ஒரு முறை தேய்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அது கெடக்குதுங்க. வண்டி எப்படிங்க இருந்துச்சு?"

அந்த வயதில் ஒருத்தியிடம் அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவளும் ஒளிக்காமல் சொன்னாள். வண்டி ஓடும் விதம் பிடித்திருந்தது. சீட்டு உயரம், சிக்னலில் இரண்டு காலும் ஊன்றவில்லை. கண்ணாடி தன் தோளைத்தான் காட்டியது, பின்னால் வரும் லாரியைக் காட்டவில்லை. சீட்டின் தையல் இடது மூலையில் இப்போதே இழுக்கிறது, ஒரு மழைக்குப் பிரியும். என் கணவர் ஒன்றையும் மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதிகாரி தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். சீட்டை எவ்வளவு இறக்கித் தரலாம் என்று மெக்கானிக் அளந்து சொன்னார்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்று உரிமத்தை வாங்கிக்கொண்டு அவள் கிளம்பினாள். அன்று அவள் வாங்கவில்லை. எழுதிக்கொள்ள அதிகாரிக்கு ஒரு விற்பனைகூடக் கிடைக்கவில்லை.

"தனியாக அனுப்பியது விதிப்படி சரியா என்று நான் கேட்க வேண்டும், மேடம்" என்றார் புறப்படும்போது. "இன்று கேட்கவில்லை. தை மாதம் வரை பார்ப்போம்."

அந்த இடைவெளியில் நாங்கள் செய்தவை சிறியவை. நான்காவது கட்டம் இல்லாத புதிய பதிவேடு போட்டேன். கண்ணு என்ற சொல்லை முன்மேசையில் விழுங்கப் பழகினேன். இன்னும் சில நாள் வழுக்கிவிடுகிறது. சோபாவை உள்ளறைக்கு மாற்றியதில் ஒரு நண்பர் கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் வரவில்லை. அவருடைய மகனே ஒருநாள் வந்து, அப்பாவிடம் சொல்லாமல் இருப்பீர்களா என்று கேட்டு, ஓட்டிப் பார்க்கச் சாவி வாங்கிப் போனான். அந்தப் பெண் ஐப்பசியில் சீட்டை இறக்கி வாங்கிக்கொண்டாள். அவளைப் பார்த்து அவளுடைய யூனிட்டிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் வாங்கிவிடவில்லை. சிலர் சோமனூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, வேறு கம்பெனி வண்டியை வாங்கி, அதை எங்களிடமே கொண்டுவந்து காட்டினார்கள். கட்டிங் மாஸ்டரின் எண்ணை அவன் வேலை பார்த்த யூனிட்டில் கேட்டு வாங்கி ஒரு முறை அழைத்தேன். அது உபயோகத்தில் இல்லை.

தை பிறந்து ஒரு திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து கூரியர் வந்தது. நான் வெளியே சாலையோரம் நின்றிருந்தேன். ஒரு பையன் வண்டியை எடுத்துப் போய் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. என் கணவர் உறையைப் பிரித்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படிப்பது கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தெரிந்தது. பிறகு கதவைத் திறந்தார்.

"இன்னும் ஒரு வருசத்துக்கு ஏஜென்சியக் குடுத்திருக்காங்க அம்மிணி. உள்ள வா, கையெழுத்துப் போடோணும்."

"அந்தப் பையன் வரட்டுங்க" என்றேன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.