உப்புப் பார்க்க ஒரு நாக்கு

இன்னாசிமுத்து உப்புப் பார்க்கும் அழகை வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். கொதிக்கிற தேக்சாவிலிருந்து கரண்டி நுனியில் ஒரே ஒரு சொட்டு எடுத்து இடது உள்ளங்கைக் குழியில் விடுவார். சூடு பழகின கை, சுருங்காது. கையை லேசாகச் சாய்த்து, சொட்டு எந்த ரேகை வழியாக ஓடுகிறது என்று கவனிப்பார். எண்ணெய் ஒரு ரேகையிலும் சாறு இன்னொரு ரேகையிலும் பிரிந்து போகும். பிறகு வலது கண்ணை மட்டும் மூடிக்கொண்டு நாக்கு நுனியால் தொடுவார். அந்தக் கணம் உலகமே காத்திருக்கும். உலகம் இல்லாவிட்டாலும் அந்தச் சமையல் கொட்டகை காத்திருக்கும். "ம்" என்றால் அரிசி இறங்கும். "ம்ஹூம்" என்றால் உப்பு இறங்கும்.

தவக்காலம் வந்துவிட்டால் இதெல்லாம் கண்ணை மூடுகிறவரைதான் நடக்கும். அதோடு கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார். ஈஸ்டர் வரைக்கும் கறியும் கிடையாது, கறிச்சாறும் கிடையாது. அவர் நோன்பில் கொழுப்பது வேட்டிதான் என்று அதைத் துவைக்கிற மனைவி லூர்து சொல்வாள்.

குடவாசல், வலங்கைமான் வட்டாரத்தில் காதுகுத்தோ கல்யாண விருந்தோ, மட்டன் பிரியாணி என்றால் இன்னாசிமுத்து மாஸ்டர்தான். பிரியாணியை ஆக்குவதைவிடச் சாப்பிடுவதில் அவருக்குக் கைத்திறன் அதிகம் என்பதும் ஊருக்குத் தெரியும். நல்லி எலும்பைத் தட்டில் தட்டுகிற சத்தத்தை வைத்தே, பந்தியில் அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். அப்படிப்பட்டவர் ஏன் கறியை விட வேண்டும், பாகற்காயை விட்டால் ஆகாதா என்று உதவி மாஸ்டர் அப்துல் ஜலீல் ஒருமுறை கேட்டார்.

"பிடிக்காதத விட்டா சாமி சிரிக்கும், ஜலீலு" என்றார் இன்னாசிமுத்து.

அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன், தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன்கிழமை அன்று, நாற்பது நாளைக்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டு அவர் குடியை நிறுத்தினார். ஈஸ்டர் வந்தது, கடைப்பக்கம் அவர் போகவில்லை. அதற்கு முந்திய பதினெட்டு வருஷமும் 'ஒரு சொட்டுதானே' என்றுதான் ஒவ்வொரு நாளும் ஆரம்பித்திருந்தது. கட்டின கயிறு கெட்டியாக இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருதரம் இழுத்துப் பார்க்க வேண்டாமா? அவர் இழுத்துப் பார்ப்பது ஆட்டுக்கறியை வைத்து. அது அறுந்தால் மற்றதும் அறுந்துவிடும் என்று அவருக்குள் ஒரு பயம்.

தவக்காலத்து உப்பை ஜலீலின் நாக்கு பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் ரம்ஜான் பிறை வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து வந்து, போன வருஷம் நேராகத் தவக்காலத்தின் மடியில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு பேரும் நோன்பு. கைக்கணக்கை நம்பி உப்பைப் போட்டார்கள். வலங்கைமானில் ஐந்நூறு பேர் தண்ணீர் குடித்தே வயிறு நிறைந்தார்கள். 'வேதாரண்யம் மாஸ்டர்' என்று அன்றைக்கு ஒட்டின பெயர் அப்புறம் உதிரவே இல்லை.

ஆகவே இந்த வருஷம் முன்யோசனையாக ராசம்மாளைச் சேர்த்துக்கொண்டார். வெங்காயம் உரிக்க என்று பேர், உண்மையில் நாக்குக்காக. அரிசி மில் குணசேகரன் வீட்டுப் பேத்திக்குக் காதுகுத்து, அறுநூறு பேர். நன்றாக அமைந்தால் வைகாசியில் அவர் சின்ன மகள் கல்யாணமும் மாஸ்டருக்குத்தான் என்று பேச்சு. இன்னொரு வேதாரண்யம் ஆனால் தேக்சாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ராசம்மாள் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு வந்து நின்றாள்.

"என்னம்மா இது?"

"நேத்து எங்க ஊரு மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சுண்ணே. எட்டு நாளைக்குக் கவிச்சி ஆகாது. தயிர் வெங்காயம் வேணா செஞ்சு தர்றேன். எல்லா சாமியும் கூடிப் பேசிருக்கும் போல."

ஜலீல் சிரிப்பு தாங்காமல் விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். "நாக்கு மூணு இருக்குண்ணே. ஒண்ணும் டூட்டியில இல்ல."

பரிமாறுகிறவர்கள் பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார்கள். அதுவரை கொட்டகையில் இந்த மூன்று பேர்தான்.

ஒன்பதரைக்கு உலை கொதித்தது. சீரகச் சம்பா ஊறித் தயாராக இருந்தது. இன்னாசிமுத்து உள்ளங்கையில் சொட்டை விட்டார். எண்ணெய் பிரிந்தது. வலது கண் தானாக மூடிக்கொண்டது. அப்போதுதான் அவர் காதுக்குள் சோதனைக்காரன் வந்தான், சாத்தான்தான். வனாந்தரத்தில் ஆண்டவரிடமே வேதம் சொல்லிப் பழகினவன். ஞானோபதேச வகுப்புக்கும் போயிருப்பான் போல. உப்புப் பார்ப்பது சாப்பிடுவதில் சேராது என்றான். ஞாயிற்றுக்கிழமை நாற்பது நாள் கணக்கிலேயே வராது, வேண்டுமானால் சாமியாரைக் கேள் என்றான். வாய்க்குள் போவது யாரையும் கெடுக்காது என்று சொன்னது நானா, உன் ஆண்டவர்தானே என்றான். மூன்றும் நியாயமாகத்தான் இருந்தன. இன்னாசிமுத்துவின் நாக்கு பாதி வெளியே வந்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்பான். ஆசை விடாமல் கடைசியாக, "ஒரு சொட்டுதானே" என்றான்.

அந்தக் குரலோடு இன்னாசிமுத்துவுக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம். நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். பரலோக மந்திரத்தை முணுமுணுத்து, சோதனை என்ற சொல் வருகிற இடத்தை மட்டும் இரண்டு தரம் சொன்னார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, எந்த மாஸ்டரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். தம் உடைத்து மூடியைத் திறக்கும் முன் வீட்டுக்காரரைத் தேக்சாப் பக்கம் விட்டால் மாஸ்டரின் கை போய்விட்டது என்று அர்த்தம். அவர் மண்டபத்துக்குள் போய்க் குணசேகரனையே கூப்பிட்டார்.

"முதலாளி, கொஞ்சம் உப்புப் பாக்கணும்."

"நீங்க பாக்கலையா?"

"நான் நோன்பு."

"பாய்?"

"அவரும் நோன்பு."

"அந்தம்மா?"

"காப்பு."

குணசேகரன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு கொட்டகைக்கு வந்து படலைச் சாத்தினார். தன் மானத்தைக் காப்பாற்றத்தான் சாத்துகிறார் என்று இன்னாசிமுத்துவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

ஒரு சொட்டு பார்த்தார். பிடிபடவில்லை என்றார். ஒரு துண்டோடு பார்த்தார். இன்னும் சந்தேகமாக இருக்கிறது என்றார். மூன்றாம் தரம் நல்லி எலும்பாகக் கேட்டு வாங்கி, கண்ணை மூடி உறிஞ்சினார். அந்தச் சத்தம்தான் அன்றைய பெரிய சோதனை. ஜலீல் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். இன்னாசிமுத்து மந்திரத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"தூக்கலா இருக்கா, முதலாளி? அரிசி இழுத்துக்கும். தூக்கலாத்தான் இருக்கணும்."

"தூக்கலாத்தான்யா இருக்கு. இன்னும் ஒரு கல்லு கூடப் போடாத."

இன்னாசிமுத்துவின் வலது கையில் ஒரு பிடி உப்பு இருந்தது. போடு என்று உள்ளங்கை ரேகை சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டு நம்பாமல் இருந்தால் கேட்டதற்கு அர்த்தமில்லை. உப்பை ஜாடியிலேயே போட்டுவிட்டு அரிசியை இறக்கினார்.

பந்தியில் உப்பு ஒரு மாற்றுக் குறைந்துதான் இருந்தது. ராசம்மாளின் தயிர் வெங்காயத்தில் உப்பு நிமிர்ந்து நின்றதால் எல்லாரும் அதை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிப் பிசைந்துகொண்டார்கள். வேதாரண்யத்தை யாரும் நினைக்கவில்லை. எல்லாருக்கும் பரிமாறி முடிந்தபின் உட்கார்ந்த குணசேகரன் வெறும் தயிர்சாதத்தோடு எழுந்துகொண்டார். வீட்டுக்காரர் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று இன்னாசிமுத்து ஜலீலிடம் மெச்சினார். கை கழுவின ஈரத்தோடு குணசேகரன் வந்து, இப்படி ஒரு ருசியை ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை என்று சொல்லி வைகாசிக் கல்யாணத்தை அங்கேயே உறுதி செய்தார். நாக்கையும் பேரையும் ஆண்டவர் சேர்த்தே காப்பாற்றிவிட்டார் என்று லூர்துவிடம் சொல்லியபடி, அன்றைய வேட்டியை அவிழ்த்துக் கொடுத்தார் இன்னாசிமுத்து.

ஈஸ்டர் முடிந்து கல்யாணச் சாமான் பட்டியல் வாங்கப் போன இடத்தில் குணசேகரனின் மனைவி சௌந்தரநாயகி அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். இந்தத் தடவை கொட்டகையை உள்பக்கமாகத் தாழ் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அவள் வீட்டுக்காரருக்கு ஆட்டுக்கறியையும் உப்பையும் டாக்டர் நிறுத்தி, காதுகுத்து அன்றைக்குச் சரியாகப் பதினோரு மாதம் ஆகியிருந்ததாம்.

"உப்பில்லாத கஞ்சி குடிக்கிறவருங்க. அவருக்கு எத வச்சாலும் தூக்கலாத்தான் தெரியும்."