ஓடிக்கொண்டிருந்ததாக நான் சொன்ன எண்ணெய்

பதினைந்து வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதத்தில் நடந்தது இது. அப்போது நான் திருவொற்றியூர்ப் பக்கம் ஓர் எண்ணெய்க் கிடங்கில் நீராவியில் இயங்கும் பம்பு ஓட்டிக்கொண்டிருந்தேன். பர்மாவிலிருந்து கப்பலில் வரும் கச்சா எண்ணெயைத் தொட்டியில் நீராவியால் சூடாக்கி, நீளமான குழாய் வழியாக ரயில் வேகன்களுக்கு அனுப்புவோம்.

அந்த எண்ணெயில் மெழுகு அதிகம். குளிர்காலத்துத் தேங்காய் எண்ணெய்போல் உறையும். ஆனால் அதில் ஒரு விசேஷம் உண்டு. ஓடிக்கொண்டே ஆறினால் கூழ் மாதிரி இளகி இருக்கும். அசையாமல் நின்று ஆறினால், அதே சூட்டிலேயே இறுகிவிடும். ஆகவே வேகன் வரத் தாமதமானால் பம்பை நிறுத்தமாட்டோம். எண்ணெயை வேறொரு குழாய் வழியாகத் தொட்டிக்கே திருப்பிச் சுற்றவிடுவோம்.

அன்று காலை வேகன் வரவில்லை. என் தங்கைக்கு வரன் கொண்டுவந்த உறவுக்காரர் ஒருவர் வாசலில் காத்திருப்பதாக ஆள் வந்து சொன்னான். ஐந்து நிமிஷந்தானே என்று பம்பை நிறுத்திவிட்டுப் போனேன். அவர் மாப்பிள்ளை வீட்டாரின் பூர்வீகத்தையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். எனக்குக் கூச்ச சுபாவம். வேலை இருக்கிறது என்று பெரியவரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒரு மணி நேரம் போய்விட்டது.

ஓடிவந்து குழாயைத் தொட்டேன். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அதற்குள் வேகன் வந்துவிட்டது. வேகன் பக்கம் வால்வைப் பார்த்துக்கொள்பவர் என்னிடம் வந்தார். முகத்துவாரக்குப்பத்துக்காரர், என்னைவிட மூத்தவர். லீவு நாட்களில் கட்டுமரம் ஏறுவார்.

"இன்னா மாமு, பொண்ணு பாக்க வந்தவன் மாரி வேர்த்துகினு நிக்கிற? எண்ணெ ஓடிகினுதானே இருந்துச்சு?"

"ஓடிச்சு அண்ணே" என்றேன்.

அவர் தம் இடத்துக்குப் போய்க் கை காட்டினார். பம்புக்கு நீராவியைத் திறந்தேன். அழுத்தம் காட்டும் முள் ஏறிக்கொண்டே போயிற்று. அந்தப் பக்கம் ஒரு சொட்டு வரவில்லை.

"ஓடிகினு இருந்த எண்ணெ எங்கப்பா போவும்? வால்வுதான் மாட்டிகினு கீது" என்று கத்திவிட்டு, அவர் ஸ்பானரால் வால்வின் மூடியைக் கழற்றத் தொடங்கினார். வால்வில் ஒன்றுமில்லை, உறைந்தது எண்ணெய் என்று எனக்குத் தெரியும். நீராவியை மூடினால் ஏன் என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, திருகில் கை வைத்தபடி நின்றேன். உறைந்திருந்த எண்ணெய் ஒரேயடியாக உடைந்து தள்ளியது. மூடி பிய்த்துக்கொண்டு அவர் வலது கையில் அடித்தது. அதன்பின் எண்ணெய் ஒன்றுமே நடக்காததுபோல் இளகி ஓடியது.

மூன்று விரல்கள் நசுங்கிவிட்டன. வால்வு பழுது என்று மேஸ்திரி எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஒரு மாதம் கழித்துக் குப்பத்துக்குப் போய் அவரைப் பார்த்தேன். மடங்காத விரல்களோடு இனித் துடுப்புப் பிடிக்க முடியாது என்று அவர் மனைவி சொன்னார். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது அவரே பேசினார்.

"இன்னாத்துக்குப்பா மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற? எனக்குத்தான் அவசர புத்தி. பம்ப நிறுத்தச் சொல்லிட்டுக் கழட்டியிருக்கணும். நீ சரியாத்தான் ஓட்டிகினு இருந்த."

அவர் மனைவி வறுத்த மீனும் சோறும் போட்டார். சாப்பிட்டுவிட்டு வந்தேன். மறுபடி போனபோது அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

என் கூச்சத்தைப் பார்த்து நல்ல மனிதன் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அவர் மட்டும் எங்கோ ஓர் ஊரில், தம் விரல்கள் முடங்கிப்போனதற்குத் தம்மையே திட்டிக்கொண்டிருப்பார் என்று அப்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.