ஹந்தானைச் சரிவில் எலும்பு ஆராய்ச்சி

முறிந்த எலும்பைப் பொருத்துவது ஒரு தொழில். அது ஏன் முறிந்தது என்று கேட்டுத் திரிவது இன்னொரு தொழில், அதற்கு வைத்தியரைவிட நோயாளிக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கதிரையை விட்டு எழும்பும் என் சக வேதனைக்காரர்களே, இது உங்களுக்கு நன்றாக விளங்கும்.

நான் கண்டியில் அப்போதிக்கரியாக, மருந்து கொடுக்கும் உத்தியோகத்தில், இருந்த காலம் அது. சீமையில் படித்துவிட்டு வந்த ஒரு டொக்டருக்கு என்னை உதவியாக விட்டார்கள். அவரும் என்னைப்போல யாழ்ப்பாணத்தார். தோட்டத்துச் சனங்களுக்கு மூட்டு ஏன் தேய்கிறது, சரிவில் விழுந்து ஏன் கை முறிகிறது, முறியாமலே தடுக்க வழி உண்டா என்பதெல்லாம் அவருடைய ஆராய்ச்சி. அவர் ஆராய்ந்தார், நான் பை தூக்கினேன்.

இல்லீங்க

முதல் நாள் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனோம். கொழுந்து பறிக்கும் பெண்களை வாங்கில் வரிசையாக இருத்தி, நான் என் ஊர்த் தமிழில் ஒவ்வொருவரிடமும், "முழங்காலிலை நோ இருக்கோ?" என்று கேட்டேன். "இல்லீங்க" என்றாள் முதல் பெண். அடுத்தவளும் "இல்லீங்க". வரிசை முடியுமட்டும் அதே பதில்தான். டொக்டருக்கு ஒரே வியப்பு. இவ்வளவு செங்குத்தான மலையில் ஏறி இறங்கியும் ஒருத்திக்காவது முழங்கால் நோகவில்லையென்றால், கூடை சுமப்பது மூட்டுக்கு நல்லது என்றல்லவா எழுதவேண்டும்!

ஆனால் எழுந்து போனவர்கள் எல்லாரும் பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்து, "அம்மாடி" என்றுதான் எழுந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கடைசியாக இருந்த கருப்பாயி என்பவளிடம், "நோ இல்லையெண்டால் ஏன் இப்பிடி எழும்புறியள்?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"நோ, நோன்னு சொல்றதெல்லாம் வெள்ளைக்காரத் துரைதாங்க. எங்ககிட்ட வலிதான் இருக்கு."

ஜன்னல் வெளிச்சத்தில்

கருப்பாயியின் மகள் மீனாட்சி. ஆனி மாத மழையில் கூடையோடு இறங்கும்போது வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்து முள்ளுக்கரண்டிபோல வளைந்துவிட்டது. நாவலப்பிட்டி ரயில் பகுதியில் வேலை செய்யும் ஒரு பையனுக்கும் அவளுக்கும் தை மாதம் கலியாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் அவள் வலிக்காக அழவில்லை. "கை கோணிப்போச்சுன்னா அவுங்க வேணாம்னுருவாங்களா ஐயா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் அழுதாள்.

டொக்டர் எலும்பை இழுத்துப் பொருத்தி மாவுக்கட்டுப் போட்டார். பிறகு எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "பார் பிள்ளை, நேராக நிற்குது" என்று காட்டினார். கறுப்புக் கண்ணாடிக்குள் விரல் எலும்புகள் பளிச்சென்று தெரிந்தன. மீனாட்சி வாய் திறந்து பார்த்தபடி இருந்தாள். விழுந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தாள்.

"உள்ளுக்குள்ள பாத்தா நானும் துரைசாணி மாதிரி வெள்ளையாத்தாங்க இருக்கேன்!"

காதர் நானாவின் சுவர்

கலகெதரயில் பலசரக்குக் கடை வைத்திருந்த காதர் நானாவுக்குத் தோள் இறுகிப்போய்த் தொப்பியைக்கூடத் தூக்கிவைக்க முடியாத நிலை. கடைச் சுவரோரம் நின்று விரல்களைச் சிலந்திபோல மேலே மேலே நடத்தச் சொன்னார் டொக்டர். எட்டிய இடத்தில் கரியால் ஒரு கோடு. வெள்ளிக்கு வெள்ளி நாங்கள் போய்ப் பார்க்க ஒரு புதுக் கோடு. போகப்போகக் கோடு கூரையை நோக்கி ஏறியது. "இந்த வைத்தியத்தை உலகத்துக்குச் சொல்லவேணும்" என்று டொக்டர் பூரித்துப்போனார்.

ஒருநாள் குருநாகல் போகும் வழியில், சொல்லாமல் கடைக்குள் நுழைந்தோம். நானா சுவரைப் பார்த்தபடி, ஒரு அரிசி மூட்டைமேல் ஏறி நின்று கோடு போட்டுக்கொண்டிருந்தார். இறக்கி நிறுத்திப் பார்த்தால், பொய்க்கோட்டுக்குக் கீழே என்றாலும் கை தலைக்கு மேலே நன்றாகவே போனது. டொக்டருக்குக் கோபிப்பதா கொண்டாடுவதா என்று தெரியவில்லை. நானா என்னை ஒரு பக்கம் இழுத்துக் காதோடு சொன்னார்:

"கோடு ஏற ஏற மனுசன் என்னா சந்தோஷமா சிரிக்கிறாரு! அந்தச் சிரிப்பக் கொறைக்க மனசு வரல்ல தம்பி, அதுதான் ஏறின."

இந்தச் சரிவும் அந்தச் சரிவும்

மீனாட்சி விழுந்த பாதையில் படி வெட்டி, மூங்கிலில் கைபிடி கட்டித் தரும்படி டொக்டர் தோட்டத்துத் துரையிடம் கேட்டார். துரை இலேசில் மசியவில்லை. "ஒரு சரிவில் மட்டும் செய்யுங்கள். மற்றது இருந்தபடி இருக்கட்டும். மழைக்காலத்தில் எங்கே குறைய விழுகிறார்கள் என்று பார்ப்போம்" என்றார். டொக்டருக்கும் அது பிடித்துக்கொண்டது. ஒப்பிட்டுப் பார்த்தால்தானே ஆராய்ச்சி!

ஐப்பசி மழைக்கு நடுவில் போய்ப் பார்த்தோம். இருந்தபடி இருக்கவேண்டிய சரிவில் படிகள் அழகாக வெட்டியிருந்தன. இரண்டு பக்கமும் மூங்கில் கைபிடி வேறு. எங்களுடையதைவிட அதுவே உறுதி. வேலை முடிந்த பிறகு அந்தப் பக்கத்து லயத்துச் சனங்கள் தாங்களே மண்வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

"ஐயோ, இனி எதோடை ஒப்பிட்டுப் பார்க்கிறது?" என்று டொக்டர் தலையில் கைவைத்தார். கருப்பாயியின் வீடு அந்தப் பக்கம்தான். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "மகதான் விழுந்தா. அடுத்தது நானும் விழுந்து காட்டணுமாங்க?" என்றாள். டொக்டர் அந்த மூங்கிலைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நீங்கள் ஒருத்தரும் விழவேண்டாம் அம்மா. என்ரை ஆராய்ச்சி விழட்டும்."

தை மாதம்

அந்த மழை முடியுமட்டும் இரண்டு சரிவிலிருந்தும் கை முறிந்து ஒருவரும் வரவில்லை. எதனால் என்று கேட்காமலே துரை மிச்சப் பாதைகளுக்கும் மூங்கில் வெட்ட விட்டார். மீனாட்சி கட்டுப் பிரித்த நாள் தொடக்கம் ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து, விரல்களை வழிக்குக் கொண்டுவந்து, மறுபடி மலைக்கு ஏறிவிட்டாள்.

கலியாணத்துக்கு நாங்களும் போயிருந்தோம். லயத்து முற்றத்தில் பந்தல், தவில், சர்க்கரைத் தண்ணீர். கோட்டும் சூட்டுமாக வந்த டொக்டரை முன்வரிசைக் கதிரையில் இருத்தினார்கள். மீனாட்சி மாலையை இரண்டு கையாலும் தூக்கினாள். மணிக்கட்டு வளையவில்லை, நடுங்கவில்லை. டொக்டர் தன்னை மறந்து எழுந்து, மணவறைக்குப் பக்கத்திலேயே போய்க் குனிந்து நின்றுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது, கைலேஞ்சியை எடுத்தேன். மாலையை வாங்கின மாப்பிள்ளை, தன் தோழன் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"எல்லாரும் பொண்ணு மூஞ்சியப் பாக்குறாங்க, இவரு மட்டும் ஏண்டா கையையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு?"

அந்த வருஷங்களில் நாங்கள் சொன்னபடி கேட்டு நடந்தவை எலும்புகள் மட்டும்தான். அவற்றைச் சுமந்து திரிந்த மனிசர் ஒருவர்கூட இல்லை.